பிள்ளை பெற்றவளுக்கு மட்டுமா வெந்நீர்?

பினாங்கில் ஒரு வீட்டில் பிள்ளை பிறந்தால், அது எந்த இனத்தார் வீடாக இருந்தாலும், அடுப்பில் முதலில் ஏறுவது தண்ணீர்ப் பானைதான். மலாய் வீட்டில் தாய்க்கு 44 நாள் பத்தியம். கல்லையோ இரும்புக் குண்டையோ நெருப்பில் காயவைத்து, இலையும் துணியும் சுற்றி, வயிற்றிலும் இடுப்பிலும் ஒற்றியெடுப்பார்கள். துங்கு என்பது அதன் பெயர். பிறகு மூலிகை வெந்நீர்க் குளியல், வயிற்றை இறுக்கிச் சுற்றும் பெங்கோங் துணி. சீன வீட்டில் ஒரு மாதம். இஞ்சி, நல்லெண்ணெய், அரிசி மது சேர்த்த சமையல். பச்சைத் தண்ணீரில் கை வைக்கக் கூடாது. தமிழ் வீட்டில் நொச்சியும் வேம்பும் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரைப் பொறுக்கிற சூட்டில் இடுப்பில் அடித்து ஊற்றி, சாம்பிராணிப் புகை காட்டி, சுக்கும் மிளகும் திப்பிலியும் பூண்டும் சேர்த்துக் கிண்டிய மருந்தை உருண்டை பிடித்துக் கொடுப்பார்கள். சாமி வேறு, சாப்பாடு வேறு, மொழி வேறு. பிள்ளை பெற்ற உடம்பு குளிர்ந்துவிடும், வாயு புகுந்துவிடும், சூட்டைத் திருப்பிக் கொடுத்தால்தான் அவள் எழுந்து நடமாடுவாள் என்பதில் மட்டும் மூன்று வீடுகளுக்கும் கருத்து வேற்றுமை கிடையாது.

அதே பெண்ணுக்கு ஐம்பது வயதாகிறது. மாதவிடாய் நிற்கிறது. பிள்ளைப்பேற்றுக்குச் சற்றும் குறையாத மாற்றம் உடம்புக்குள் நடக்கிறது. சினைப்பை ஈஸ்ட்ரோஜன் சுரப்பதை ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது. இடுப்பிலும் தொடையிலும் தங்கிய கொழுப்பு வயிற்றுக்குள், குடலையும் ஈரலையும் சுற்றிச் சேரத் தொடங்குகிறது. கெட்ட கொழுப்பு ஏறுகிறது. ரத்தக் குழாய்கள் விறைக்கின்றன. இன்சுலின் சொல்வதைத் தசைகள் முன்போலக் கேட்பதில்லை. இதற்கு எந்த வீட்டிலும் தண்ணீர் காயவில்லை. 44 நாள் வேண்டாம், நான்கு நாள் ஓய்வுகூட இல்லை. அவள் பாட்டுக்கு எழுந்து சமைக்கிறாள், வேலைக்குப் போகிறாள், பேரப்பிள்ளையைத் தூக்குகிறாள்.

நம் முன்னோர் கொடுமைக்காரர்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. ஐம்பதைத் தாண்டி இன்னும் முப்பது ஆண்டு வாழ்வது எல்லாருக்கும் வாய்க்காத காலத்தில் அந்த முறைகள் உருவாயின. அவை தாயைக் காத்தது குழந்தைக்குப் பால் வேண்டும், குடும்பம் தழைக்க வேண்டும் என்பதற்காகவும்தான். பெற்றுத் தருவதை முடித்துக்கொண்ட உடம்பைப் பற்றி யோசிக்க அவற்றுக்கு அவசியம் வரவில்லை. நமக்கு வந்திருக்கிறது.

ஜோர்ஜ்டவுன் நகரம் 1786இல் தொடங்கியது. பிரிட்டிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியின் கொடி ஏறுமுன்பே கெடாக் கரையோடு வணிகம் செய்துவந்த தமிழ் முஸ்லிம்கள் உடனே இங்கே கடை விரித்தார்கள். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801இல் எழுந்தது. குயின் தெரு மகாமாரியம்மன் கோவில் 1833ஆம் ஆண்டினது. தொடக்கத்தில் வந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பெண்களும் வந்து, எதிர்க்கரையில் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களிலும் பின்னர் ரப்பர் தோட்டங்களிலும் குடும்பங்கள் வேர்விட்டபோது, பிள்ளைப்பேற்றுக்குப் போகத் தாய்வீடு கடலுக்கு அப்பால் இருந்தது. அம்மா செய்ய வேண்டியதைப் பக்கத்து லயத்துப் பெண்கள் செய்தார்கள்; பீடான் எனப்படும் மலாய் மருத்துவச்சி வந்து பிடித்துவிட்டாள். சூட்டைப் பற்றிய அறிவு இப்படிக் கைமாறிக் கைமாறித்தான் இந்த ஊரில் தங்கியது. லிட்டில் இந்தியாவின் நாட்டு மருந்துக் கடையில் சுக்கும் பேரரத்தையும் வசம்பும் இன்றும் எடை போட்டுத் தருவது அந்தக் கைமாற்றத்தின் மிச்சம்.

பிரிட்டிஷ் அதிகாரிகளுக்கு இந்தச் சூட்டு வழக்கம் வேடிக்கையாக இருந்தது. அவர்களில் ஒருவரான வால்டர் ஸ்கீட் 1900இல் வெளியிட்ட ‘மலாய் மேஜிக்’ நூலில், பிள்ளை பெற்றவளை நெருப்பருகே கிடத்தும் பழக்கம் மந்திரச் சடங்குகளோடு சேர்த்து எழுதப்பட்டிருக்கிறது. மந்திரம் என்ற அந்த முத்திரை விலக எண்பது ஆண்டுகள் பிடித்தன. மானுடவியலாளர் லெனோர் மாண்டர்சன் 1981இல் மலாய்ப் பெண்களின் கணப்பு, புகை, பத்தியம் மூன்றையும் பிற நாட்டு வழக்கங்களோடு ஒப்பிட்டு எழுதினார். கரோல் லேடர்மேன் திரெங்கானுவின் கிராமத்தில் தங்கி, பீடானுக்கே உதவியாளராக இருந்து பார்த்ததை 1983இல் நூலாக்கினார். உடம்பைச் சூடு, குளிர்ச்சி என்று பகுத்து நடத்தும் ஒரு முழு மருத்துவச் சிந்தனை அதற்குள் இருக்கிறது என்பது இவர்கள் எழுத்தால் மேற்கத்தியப் படிப்பாளிகளுக்குத் தெளிவாகத் தெரியவந்தது. சித்த மருத்துவம் படித்தவர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை. புற மருத்துவம் 32 வகை என்று எண்ணும் மரபில் வேது உண்டு, ஒற்றடம் உண்டு, பொட்டணம் உண்டு.

இதற்கிடையில் பிரசவம் வீட்டைவிட்டு மருத்துவமனைக்குப் போய்விட்டது. 1966ஆம் ஆண்டின் மருத்துவச்சிகள் சட்டம் பேறு பார்ப்பவர்களைப் பதிவுக்குள் கொண்டுவந்தது. பீடானின் கையிலிருந்து பிரசவம் நழுவியது. ஆனால் பிரசவத்துக்குப் பிந்திய சூடு நழுவவில்லை. அரசாங்கமே அதை ஏற்றுக்கொண்டது. 2007இல் சுகாதார அமைச்சு பாரம்பரிய மருத்துவப் பிரிவைப் பொது மருத்துவமனையில் முதன்முதலாகத் திறந்தது பினாங்கு மாநிலத்தின் கெப்பாளா பத்தாஸில்தான். மலாய் முறைப் பிரசவப் பராமரிப்பு பிறகு அரசு மருத்துவமனைகளில் தரப்படும் சேவைகளுள் ஒன்றானது. 2016இல் பாரம்பரிய மருத்துவத்துக்குத் தனிச் சட்டமும் வந்தது. ஸ்கீட் மந்திரத்தோடு சேர்த்தெழுதியதை ஒரு நூற்றாண்டு கழித்து மருத்துவமனைக்குள் நியாயமாகக் கேட்டுப் பெற முடிகிறது. இது பெரிய வெற்றி. ஆனாலும் அந்தச் சேவை பிள்ளை பெற்றவளோடு நின்றுவிடுகிறது.

பின்லாந்தைப் பாருங்கள். அங்கும் கிராமத்துப் பெண்கள் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை பிள்ளை பெற்றது சௌனாவில்தான். வீட்டிலேயே சுத்தமான, வெதுவெதுப்பான, வெந்நீர் கிடைக்கிற அறை அது. பிரசவம் மருத்துவமனைக்குப் போனபிறகும் சௌனா மட்டும் எங்கும் போகவில்லை. குழந்தை, கிழவி என்று வயது பாராமல் வாரந்தோறும் எல்லாரும் அதில் உட்கார்ந்தார்கள். 2020இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வமாகப் பட்டியலில் சேர்த்தது. ஜோர்ஜ்டவுன் 2008இல் பெற்ற உலகப் பாரம்பரியத் தகுதியும் அதே அமைப்பு தந்ததுதான். வழக்கம் ஆயுள் முழுதும் நீடித்ததால் அதன் பலனை எண்ணிப் பார்க்கவும் முடிந்தது. குவோப்பியோ நகரப் பகுதியில் 2,315 நடுவயது ஆண்களை ஏறத்தாழ இருபது ஆண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. வாரம் ஒருமுறை சௌனா போனவர்களைவிட நான்கு முதல் ஏழு முறை போனவர்கள் திடீர் இதய மரணத்துக்கு ஆளானது மிகவும் குறைவு.

எல்லாரும் ஆண்கள். பெண்களுக்கும் அப்படித்தானா என்ற கேள்விக்கு மூன்று ஆண்டு கழித்து, 2018இல், அதே குழு பதில் தந்தது. 53 முதல் 74 வயது வரையுள்ள 1,688 பேர். பாதிக்குச் சற்று அதிகமானோர் பெண்கள். ஆயிரம் பேரை ஓராண்டு கவனித்தால் இதய, ரத்தக் குழாய் நோய்களால் நேரும் மரணம், வாரம் ஒருமுறை போனவர்களிடம் 10.1, நான்கு முதல் ஏழு முறை போனவர்களிடம் 2.7. அந்த வயதுப் பெண்களில் மிகப் பலர் மாதவிடாய் நின்றவர்களே. இதை அப்படியே நம்பிவிடவும் கூடாது. வாரம் ஐந்து நாள் சௌனாவில் உட்காரத் தெம்பும் நேரமும் உள்ளவர்கள் ஏற்கெனவே நலமாக இருப்பவர்களாக இருக்கலாம். ஆனாலும் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைத் தற்செயல் என்று ஒதுக்க மனம் வரவில்லை.

தமிழர்களிடம் அப்படி ஆயுள் முழுதும் நீடித்த சூடே இருந்ததில்லையா என்று கேட்டால், இருந்தது. செவ்வாயும் வெள்ளியும் பெண்களுக்கு எண்ணெய்க் குளியல். உச்சி முதல் பாதம் வரை நல்லெண்ணெய் தேய்த்து, ஊறவிட்டு, அண்டா வெந்நீரில் சீயக்காயோடு குளித்து, மிளகு ரசமோ பூண்டுக் குழம்போ சாப்பிட்டு உட்காருவார்கள். வயது வரம்பு அதற்குக் கிடையாது. அடுக்குமாடி வீடும், ஐந்து நிமிட ஷவரும், ஷிப்டு வேலையும் வந்தபின் அது தீபாவளிக் காலையில் ஒருநாள் என்று சுருங்கிவிட்டது.

சூடு உடம்புக்குள் என்ன செய்கிறது? இதன் விடை ஓர் ஈயிலிருந்து தொடங்கியது. இத்தாலிய ஆய்வாளர் ஃபெருச்சோ ரித்தோசா பழ ஈக்களை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தபோது, அடைகாப்புப் பெட்டியின் வெப்பத்தை யாரோ கூட்டிவிட்டார்கள். ஈயின் குரோமோசோமில் வழக்கமில்லாத இடங்கள் உப்பி நின்றன. சூடு பட்டதும் சில மரபணுக்கள் விழித்து வேலை செய்கின்றன என்று அவர் 1962இல் எழுதினார். அந்த மரபணுக்கள் தயாரிப்பவையே வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள். சிதையும் நிலையிலுள்ள மற்றப் புரதங்களைத் தாங்கிப் பிடித்து நிமிர்த்துவது அவற்றின் வேலை. எலிகளின் தசையில் இந்தப் புரதம் அதிகமானால், கொழுப்பு மிகுந்த தீனி தின்றாலும் இன்சுலின் முடங்குவதில்லை என்பது 2008, 2009 ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகளில் தெரிந்தது. இன்னொரு வழியும் உண்டு. உடம்பு சூடாகும்போது ரத்த ஓட்டம் விரைகிறது. அந்த ஓட்டத்தின் உரசலில் குழாய்ச் சுவர்கள் நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து தளர்கின்றன. ஈஸ்ட்ரோஜன் இருந்தவரை அது செய்துவந்த உதவிகளில் இதுவும் ஒன்று. போன துணைக்குப் பதிலாக இன்னொரு கை கிடைக்குமா என்பதுதான் விஞ்ஞானிகளின் ஆவல்.

மனிதர்களிடம் 1999இல் அமெரிக்க மருத்துவர் பிலிப் ஹூப்பர் ஒரு சிறு சோதனை செய்தார். இனிப்புநீர் (நீரிழிவு) நோயாளிகள் எட்டுப் பேர் தினம் அரைமணி நேரம், வாரம் ஆறு நாள், மூன்று வாரம் வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்தார்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை சராசரியாக 182இலிருந்து 159 ஆயிற்று. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை. இருந்தும் பலருடைய கண் திறந்தது. 2016இல் ஒரேகான் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டபர் மின்சனின் குழு, உடற்பயிற்சி செய்யாத இளையோரை எட்டு வாரம் 40.5 பாகை செல்சியஸ் நீரில் வாரத்துக்கு நான்கைந்து முறை அமர்த்தியது. ரத்தக் குழாய்களின் நெகிழ்வு ஏறக்குறைய இரட்டித்தது. 2019இல் அதே கூடத்தில், சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையும் உடற்பருமனும் உள்ள பெண்கள் ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரமாக 30 முறை அமர்ந்தார்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இறங்கின. அவர்களும் இளம்பெண்கள். லஃப்பரோ பல்கலைக்கழகத்தின் 2017 ஆய்வில் வெந்நீர்க் குளியலையும் சைக்கிள் மிதிப்பதையும் ஒப்பிட்டார்கள். உட்கார்ந்தவர்கள் ஆண்கள் மட்டும். பிறகு இனிப்புநீர் உள்ளவர்களிடம் நடந்த சில சோதனைகளில் பலன் தெளிவாக இல்லை.

மாதவிடாய் நின்ற உடம்பை முன்னிறுத்தி 2024இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தார் செய்தது எலிகளில். வயதான பெண் எலிகளுக்கும் சினைப்பை அகற்றப்பட்ட எலிகளுக்கும் கொழுப்புத் தீனி கொடுத்து, தினம் அரைமணி 40 பாகை வெப்ப அறையில் 12 வாரம் வைத்தார்கள். சூடு பெற்றவை குறைவாகவே பெருத்தன. இன்சுலினும் நன்றாக வேலை செய்தது. ஆண்களில் தொடங்கி, இளம்பெண்கள் வழியாக, எலிக்குப் போயிருக்கிறோம். யாருக்கு இது மிகவும் தேவையோ அவர்களிடம் நடந்தவை சிறியவை, குறுகியவை. மருத்துவ ஆய்வில் ஐம்பது கடந்த பெண்ணின் இடம் வரிசையின் கடைசியில்தான் என்பதை நான் கோபமில்லாமல் எழுத முடியவில்லை.

அவர்களுக்கென்று நடந்த பெரிய சோதனைகளில் ஒன்று சூட்டைப் பற்றியது அல்ல, ஹார்மோன் மாத்திரையைப் பற்றியது; அது வேறுவிதமாக முடிந்தது. அமெரிக்காவில் 16,608 பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையோ வெற்று மாத்திரையோ கொடுத்த ஆய்வு, மார்பகப் புற்றுநோய் கூடியதால் 2002 ஜூலையில் நிறுத்தப்பட்டது. உலகெங்கும் பெண்கள் பயந்து ஹார்மோனை விட்டார்கள். அதே ஆய்வில் ஹார்மோன் எடுத்தவர்களுக்கு இனிப்புநீர் வருவது சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்ததையும் 2004இல் கண்டார்கள். அந்தச் செய்தி அச்சத்தின் இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. ஈஸ்ட்ரோஜன் போனால் சர்க்கரைக் கணக்கு மாறும் என்பதற்கு அதைவிட நேரடியான சாட்சி வேண்டியதில்லை.

மலேசியாவில் 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் என்றது. இந்தியர்களில் அது 31.4. மூவரில் ஒருவரை நெருங்குகிறது. பினாங்கில் இந்த எண்ணுக்குள் ஒரு தலைமுறைப் பெண்கள் இருக்கிறார்கள். 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக வட்டாரம் திறந்தது. இன்டெல் முதலான கம்பெனிகள் வந்தன. பதினெட்டு, இருபது வயதுப் பெண்கள் தோட்டத்து லயங்களிலிருந்தும் கம்போங்குகளிலிருந்தும் தொழிற்சாலை பஸ் ஏறினார்கள். குளிரூட்டிய கூடத்தில், உருப்பெருக்காடியில் கண்ணை வைத்து, இரவு ஷிப்டும் பகல் ஷிப்டுமாக உட்கார்ந்த இடத்தில் வேலை பார்த்து இந்தத் தீவின் செல்வத்தை உண்டாக்கியவர்கள் அவர்கள். இன்று எழுபதைத் தொட்டிருக்கிறார்கள். அரசாங்க கிளினிக்கில் காலையில் நம்பர் எடுத்து, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு என்று மூன்று மாத்திரைப் பையோடு திரும்புகிறவர்களில் பலர் அவர்கள்தாம். நடக்கச் சொல்கிறார் டாக்டர். முட்டி விடுவதில்லை. நடக்க முடியாதவளுக்கு வேறு என்ன வழி என்பது இந்த ஊரைப் பொறுத்தவரை ஏட்டுக் கேள்வி இல்லை.

‘ஏற்கெனவே உடம்பெல்லாம் அனல் அடிக்குது, இதில் வெந்நீர் வேறயா?’ என்று அவர்களில் ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. அனல் அடிப்பது உடம்பு உண்மையில் கொதிப்பதால் அல்ல. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் மூளையின் வெப்பக் கட்டுப்பாடு பதற்றம் கொண்டுவிடுகிறது. கடுகளவு சூடு ஏறினாலும் பேராபத்து என்று எண்ணித் தோலின் குழாய்களைத் திறந்து வியர்க்க வைக்கிறது. லிவர்பூலில் 16 வாரம் உடற்பயிற்சி செய்த பெண்களுக்கு இந்த அனல் தணிந்தது. அவர்கள் உடம்பு சூட்டைச் சமாளிக்கப் பழகிக்கொண்டதே காரணம் என்று 2016இல் காட்டினார்கள். பதமான வெந்நீர் அதே பழக்கத்தைத் தருமா என்று சோதித்துப் பார்க்கத் தக்கது.

இங்கே சில விஷயங்களை அழுத்திச் சொல்ல வேண்டும். துங்குக் கல் வைப்பதும் ஆய்வுக்கூடத்து வெந்நீரும் ஒன்றல்ல. கல் ஓரிடத்தைச் சூடாக்கும். ஆய்வுகளில் உள்ளுடம்பின் வெப்பத்தையே ஒன்று, ஒன்றரை பாகை ஏற்றி அரைமணி முதல் ஒரு மணி வரை அப்படியே வைத்திருந்தார்கள். ஆகவே துங்கு வைத்தால் சர்க்கரை இறங்கும் என்று விளம்பரம் செய்கிற ஸ்பாக்களை நம்ப வேண்டாம். இனிப்புநீரால் பாதம் மரத்தவர்கள் சுடுகல்லிலோ சுடுநீரிலோ கால் வைத்தால் தோல் வெந்தபிறகுதான் தெரியும். இன்சுலின் ஊசி போட்டவர் உடனே சூடான நீரில் இறங்கினால் மருந்து வேகமாக ரத்தத்தில் கலந்து சர்க்கரை விழுந்துவிடலாம். ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர் தொட்டியிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். அண்மையில் மாரடைப்பு கண்டவர்களும் இதய வால்வு சுருங்கியவர்களும் கிட்டவே போகக் கூடாது.

வெயிலையும் மருந்து என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. காற்றே ஈரமாக இருக்கிற இந்தத் தீவில் நண்பகலில் வியர்வை உலர்வதில்லை. நாசி கண்டார் கடையின் பின்கட்டில் எட்டு மணி நேரம் குழம்புச் சட்டியருகே நிற்கிற பெண்ணுக்கு அது சிகிச்சை அல்ல, தண்டனை. விரும்பியபோது இறங்கி, விரும்பியபோது எழுந்து, நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிற உரிமை இருந்தால்தான் சூடு நன்மை செய்யும். இந்தத் தீவின் நகரப் பகுதிகளைக் குளிர்விக்க மரம் வைக்கும் திட்டத்துக்கு ஐநாவின் வாழிட அமைப்பு வழியாகப் பருவநிலை மாற்றத்துக்கான தழுவல் நிதியம் ஒரு கோடி அமெரிக்க டாலர் ஒதுக்கியிருக்கிறது. வயதான பெண்ணின் உடம்பைக் கருதியே அந்த வேலை விரைய வேண்டும். வெளியே குளிர்ச்சியும் உள்ளே அளவான வெந்நீரும் ஒருவருக்கே தேவைப்படலாம். அவை ஒன்றுக்கொன்று எதிர் அல்ல.

செய்யக்கூடியதற்கு இடம் தேட வேண்டியதில்லை. 2007இல் வழி காட்டிய மருத்துவமனை கெப்பாளா பத்தாஸில் இருக்கிறது. அதே ஊரின் பெர்த்தாமில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மருத்துவ நிலையம் இருக்கிறது. ஒரு பக்கம் சூட்டைக் கையாளத் தெரிந்த பெண்கள், மறுபக்கம் அளக்கத் தெரிந்தவர்கள். மாதவிடாய் நின்று சில ஆண்டுகளான மலாய், சீன, தமிழ்ப் பெண்களைச் சேர்த்து, பாதிப் பேருக்கு வெந்நீர் அமர்வும் மறுபாதிக்கு வழக்கமான பராமரிப்பும் தந்து, மூன்று மாதச் சர்க்கரை அளவு, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், தூக்கம், அனல் அடிக்கும் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்துவர வேண்டும். எட்டு வாரம் போதாது. ஓராண்டாவது தொடர வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் வர மாலை நேரம் வேண்டும், எதிர்க்கரையிலிருந்தும் தீவிலிருந்தும் வந்துபோகப் பஸ் காசு தர வேண்டும், பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் அறை வேண்டும், தமிழில் பேசும் தாதி வேண்டும். பலன் இல்லை என்று தெரிந்தால் அதையும் மூன்று மொழியில் அச்சிட்டு அந்தப் பெண்கள் கையிலேயே கொடுக்க வேண்டும்.